ஒட்டுத் தெரியாத அட்டை

டிசம்பர் மாதத்தில் மன்னார்குடியில் மக்கு லேசில் காயாது, ஐயா. வெளிநாட்டில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸ் அட்டை கேட்பவர்களுக்கு இது புரிவதில்லை. சுக்கான்கல் மாவையும் பசையையும் குழைத்து, படத்தில் நட்சத்திரம், வளைவு, நகை எல்லாவற்றையும் மேடாக எழுப்புகிறோமே, அந்தக் குழைவுக்குத்தான் மக்கு என்று பெயர். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகட்டை ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் ரேக்கு சுருங்கிப்போகும். அதனால் ஒரு குண்டு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, அதன் அடியில் அட்டைகளைப் பரப்பி வைத்திருப்பேன். உங்கள் ஆட்கள் கடைக்குச் சீல் வைத்தபோது அந்த பல்பை அணைத்தார்களா என்று யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காகிதம் நிறைய இருக்கிற இடம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. உங்கள் ஏட்டையா ‘ஆத்திரத்தில்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் பஞ்சநதம் ஐயா. மற்றதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பெயர் குழந்தைராஜ். தஞ்சாவூரில் சர்ச் சாமியார்கள் நடத்திய போர்டிங்கில் வளர்ந்தேன். அதற்கு ‘அனாதை’ என்று போட்டிருக்கிறீர்கள். போர்டிங்கில் வளர்ந்தவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள், அதுதான் சரியான தகவல். பத்தாவது முடித்ததும் தஞ்சாவூர்ப் படம் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ஆலிலைக் கிருஷ்ணனுக்கு ரேக்கு ஒட்டி ஒட்டியே கை பழகியது. பிறகு தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்த காலத்தில், சாயங்கால வகுப்புக்குப் போய் போட்டோ வேலை கற்றுக்கொண்டேன். இரண்டு வேலையையும் சேர்த்து வாழ்த்து அட்டை போட இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. முகங்களை பிரிண்டர் அடித்துக் கொடுக்கும். சுற்றிலும் மக்கு வைத்து, கல் பதித்து, ரேக்கு ஒட்டுவது கை வேலை. இது பெருமைக்குச் சொல்வது இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

சவரியம்மாள் அம்மா என் கடைக்கு முதலில் வந்தது தொண்ணூற்றெட்டில். பக்கத்துக் கிராமம். கணவர் காலமாகி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். மூத்தவர் ஜெக்கரியா துபாயில். அடுத்தது ஜெனிட்டா, குவைத்தில் நர்ஸ். கடைக்குட்டி ஆன்டோ சிங்கப்பூரில். மூன்று பேரும் அனுப்பிய போட்டோக்களை மஞ்சப்பையில் இருந்து எடுத்து என் மேசையில் பரப்பினார்.

“ஒருத்தனுக்கு லீவு கெடச்சா இன்னொருத்தனுக்குக் கெடைக்க மாட்டேங்குது தம்பி. எல்லாரும் ஒண்ணா நின்னு ரொம்ப வருசமாச்சு. நீ இதுங்கள ஒண்ணா நிறுத்திக் குடுப்பியாப்பா? அதையே கார்டா போட்டு மூணு பேருக்கும் அனுப்பிடுவோம்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு வேலையைத்தான் நான் கடைசிவரை செய்தேன்.

ஆளை வெட்டி எடுத்து ஒட்டுவது கம்ப்யூட்டரில் பெரிய விஷயம் இல்லை. ஆனால் துபாய் வெயிலில் எடுத்த முகமும் சிங்கப்பூரில் ட்யூப்லைட் கீழே எடுத்த முகமும் ஒன்றோடு ஒன்று சேராது. எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஓரத்தில் ஒட்டுத் தெரியும். அங்கேதான் எனக்குப் பழைய தொழில் கை கொடுத்தது. அம்மா வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடித்த மாதிரி ஒரு படம் தயாரித்து, ஒட்டு விழுந்த இடங்களில் எல்லாம் குடிலின் வளைவும் விளக்குகளும் வருமாறு வைத்தேன். அந்த இடத்தில் மக்கை ஏற்றி, கல் பதித்து, ரேக்கை ஒட்டிவிட்டால் யார் எந்த நாட்டில் நின்றார் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆன்டோவின் போட்டோவில் ஒரு சிக்கல் இருந்தது. யாரோ சிநேகிதனோடு நெருக்கி நின்று எடுத்தது. சிநேகிதனை எடுத்தால் ஆன்டோவின் இடது தோளும் கூடவே போய்விட்டது. தோள் இல்லாத பிள்ளையை ஒரு தாயிடம் எப்படிக் கொடுப்பது? அதே மாதிரிக் கோடு போட்ட சட்டை ஒன்றைக் கடைத்தெருவில் தேடி வாங்கி, பக்கத்து ஸ்டூடியோவில் என் தோளை மட்டும் படமெடுத்து அங்கே சேர்த்தேன். ஜெக்கரியா அண்ணன் தம்பியின் தோளில் கை போட்டிருப்பது போல அந்த அட்டை அமைந்தது. அண்ணன் கை இருந்தது என் தோளில். அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “எம் புள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்துருச்சுங்கப்பா” என்று அழுதார். அப்புறம் சோறு போட்டார். விரால் மீன் குழம்பு. “வெட்கப்படாம சாப்புடுய்யா. நீயும் எனக்கு ஒரு புள்ள மாதிரிதான்” என்றார். அந்த ‘மாதிரி’யை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சில் வந்து விழுகிற சொல்தானே.

அடுத்த கிறிஸ்துமஸ் அட்டையில் கதவோரமாக, பின்வரிசையில், என்னை நிறுத்தினேன். சின்னதாகத்தான். அதற்கடுத்த வருடம் ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் வந்தேன். அதற்கும் அடுத்த வருடம் அம்மாவின் நாற்காலிக்கு வலது பக்கம், நாற்காலி முதுகில் கை வைத்தபடி. அட்டைகள் மூன்று நாட்டுக்குப் போயின. மூன்று வீட்டுக் கூடத்திலும் என் முகம் இருந்தது. இது யார் என்று ஒருவராவது எழுதிக் கேட்டாரா? இல்லை. வேண்டாத ஆளாக இருந்தால் கேட்டிருப்பார்கள். இதை உங்கள் ஏட்டையா விடாமல் எழுத வேண்டும்.

ஒரே ஒருமுறை ஜெனிட்டா போனில் கேட்டது. நான் அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தேன். கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. அட்டையில் தங்கம் மின்னுவது தெரியுமே தவிர முகம் தெரியாது.

“நீலச் சட்டையா? எனக்கெங்கடி தெரியுது. நம்ம தம்பியாத்தான் இருக்கும்” என்றார்.

நம்ம தம்பி என்று அவர் வாயாலேயே சொன்னார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

கண் முகாம் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், முகாமுக்கு அழைத்துப் போகச் சொல்லி அம்மா என்னிடம்தான் சொல்லியிருந்தார். இந்த வருடம் முகாம் இல்லை என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டேன். அந்த வயதில் கண்ணில் கத்தி படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் மேல் அக்கறை உள்ளவன் வேறு எப்படிச் செய்வான்?

ரெத்தினம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவர் வந்து சொல்லப்போகிறார். அவர் பிரஸ் வைத்திருக்கிறார். அட்டைகளை மொத்தமாக வெட்ட அவருடைய கட்டிங் மெஷினுக்குத்தான் போவேன். ஒருநாள் அட்டைக் கட்டை மெஷினில் நேராகத் தட்டி வைத்துக்கொண்டே மேல் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னடா ராஜு, அவங்க வூட்டு போட்டோல நீ எங்கடா பூந்த? கம்ப்யூட்டர்லயே தத்து குடுத்துட்டாங்களா?” என்றார். அவர் கை இன்னும் உள்ளே இருந்தது. கைப்பிடி என் பக்கம் இருந்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கத்தி விழுகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். அவரும் அதை விபத்து என்றுதான் சொன்னார். அதற்கப்புறம் என்னிடம் சிரிப்பதில்லை. ரத்தம் பட்ட அட்டைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை அனுப்பிவிட்டேன்.

இந்த வருடம் மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்துவிட்டது. அம்மா சொன்னபோது குரலே மாறியிருந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கடையை மூடினேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிளம் கேக் வாங்கிக்கொண்டு போனேன். குடில் ஜோடித்திருந்தார்கள். நெல் முளை விட்டு, அதில் பஞ்சால் ஆடு செய்து மேயவிட்டு, அழகாக இருந்தது. வீடு முழுக்கப் பேரப்பிள்ளைகள். ஜெக்கரியா அண்ணனை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் குள்ளம்.

“வாங்க தம்பி, வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டே இருந்தோம்” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தார்கள். மூன்று பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். நான் என் இடத்துக்குப் போய் நின்றேன், நாற்காலிக்கு வலது பக்கம். நாற்காலி முதுகில் கை வைத்தேன். அண்ணன் துபாயில் வாங்கிய சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, அதை என் கையில் வைத்தார்.

“ஃபிலிமெல்லாம் கெடயாது தம்பி. இந்த பட்டன அமுக்கினாப் போதும். எல்லாரும் விழற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க.”

தள்ளி நின்றேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் எல்லாரும் இருந்தார்கள். ஒட்டுப்போட எந்த இடத்திலும் அவசியம் இல்லை. ஆன்டோ அவனுடைய சொந்தத் தோளோடு நின்றான். ஜெக்கரியா அண்ணன் அதில் கை போட்டிருந்தார். பட்டனை அமுக்கினேன். கை ஆடவில்லை, படம் சுத்தமாக விழுந்திருக்கும், நீங்களே பாருங்கள். கேமராவை அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிவாக்கில் அண்ணன் கடைக்கு வந்தார். பழைய அட்டைகளையும் அந்தக் கேமராவையும் எடுத்து வந்திருந்தார். உட்கார்ந்ததுமே சிரிப்பு.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நாங்க சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாப்போச்சு. நான் உங்கள ஆன்டோ பொண்டாட்டியோட அண்ணன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவன் என்னடான்னா ஜெனிட்டா வூட்டுக்காரர் சைடுன்னு நெனச்சிருக்கான். ஜெனிட்டா உங்கள எம் மச்சான்னு நெனச்சிருக்கு. எங்க பசங்க போட்டோவக் காட்டி உங்களுக்கு மாமான்னு பேரே வெச்சுட்டாங்க.”

“நல்லதுதானே அண்ணே” என்றேன்.

“ஒரு ஆசைக்கு நின்னுட்டீங்க, பரவால்ல. இப்ப அம்மாவுக்குப் பெரிய சைஸ்ல எல்லாத்தையும் ஃப்ரேம் பண்ணி மாட்டணும். நேத்து எடுத்தது, பழசு, எல்லாமே. பழசுல மட்டும் உங்கள எடுத்துட்டுப் போட்டுக் குடுத்துருங்க. ஃபேமிலி போட்டோ பாருங்க.”

அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளைப் படத்திலிருந்து எடுப்பது, சேர்ப்பதைவிடக் கஷ்டம், ஐயா. ஆள் போன இடத்தில் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து அதை நிரப்ப வேண்டும். கதவோரத்தில் என்னை எடுத்து, கதவை வரைந்தேன். ஜெனிட்டா பக்கத்தில் எடுத்து, சுவரை வரைந்தேன். நாற்காலிப் பக்கம் எடுத்தபோது நாற்காலியின் முதுகில் என் விரல்கள் மட்டும் நின்றன. அதைக் காட்டி, “அந்த வெரலு நிக்கிது பாருங்க, அதையும் எடுத்துருங்க” என்றார்.

எடுத்தேன்.

“இப்பப் பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு” என்று திரைக்குப் பக்கமாகக் குனிந்தார்.

அட்டை வளையாமல் இருக்க மேலே பாரம் வைப்பதற்கு ஒரு குழவிக்கல் வைத்திருக்கிறேன். அதை எடுத்து அவர் பின்மண்டையில் அடித்தேன். முதல் அடியிலேயே முகம் கீபோர்டில் விழுந்துவிட்டது. திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. தலையை நகர்த்தி அதை நிறுத்தினேன். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அதனால் இன்னும் சில அடி அடிக்க வேண்டியதாயிற்று. எலும்பு உடைவது இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவரைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்க் கிடத்தி, தரையைத் துடைத்தேன்.

ஆன்டோவைத் தொடும் எண்ணமே எனக்கு இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவன் மதியம் அண்ணனைத் தேடி வந்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து, “அண்ணன் வந்தாரா அண்ணே? சாப்பாட்டுக்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றான். என்னை அண்ணே என்று கூப்பிட்டான். அதனால் உள்ளே இருக்கிறார் என்று உண்மையைச் சொன்னேன். பின்கட்டுக்குப் போனவன் பார்த்துவிட்டுத் திரும்பினான். கத்தப்போகிறான் என்று தெரிந்தது. அட்டை வெட்டுகிற கத்தி கையில் இருந்தது. கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். அது சரியாக விழவில்லை, தோளில் இறங்கிவிட்டது. இடது தோள். அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். என் கையில் நீங்கள் கட்டுப் போட்டுவிட்ட காயம் அப்போது பட்டது. மேசை கவிழ்ந்து, கல்லும் மக்குக் கிண்ணமும் சிதறின. மறுபடி கழுத்தைப் பார்த்து, இந்தத் தடவை நிதானமாக அறுத்தேன். ரத்தம் சுவர் வரைக்கும் அடித்தது. அவன் அடங்க நேரமாயிற்று. அதுவரைக்கும் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். சின்னப் பிள்ளையிலிருந்து வளர்த்தவன் போல எனக்கு அழுகை வந்தது.

இரண்டு பேரும் கிடந்த விதத்தைப் பார்த்து உங்கள் ஆட்களில் ஒருவர் வெளியே போய் வாந்தி எடுத்தாராம். பின்கட்டில், பாயில், பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்து, மூத்தவர் கையை எடுத்து இளையவன் தோளில் போட்டுவைத்தது நான்தான். கழுத்துக் காயம் தெரியாமல் இருக்க அந்த இடத்தில் ரேக்கு ஒட்டினேன். ஈரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை. அதில் கேலியோ வக்கிரமோ ஒன்றும் இல்லை, ஐயா. பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தது அம்மாதான்.

பிறகு குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, முந்தின நாள் எடுத்த படத்தில், மக்கு வைக்காமல் ஒரு அட்டை போட்டேன். வேலை சுலபமாக இருந்தது. இரண்டு பேரை எடுத்துவிட்டு, அவர்கள் நின்ற இடத்தில் ஒருவரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். வெயில் சாய்வதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். நான் ஓடி ஒளியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாப்பாடு அப்படியே மூடி வைத்திருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். அட்டையை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“யார் யாருப்பா இருக்கா இதுல?” என்று கேட்டார்.

“நீங்க இருக்கீங்க, ஜெனிட்டா இருக்கு, நான் இருக்கேன்” என்றேன்.

“எம் புள்ளைங்க எங்கப்பா?”

நான் பொய் சொல்லவில்லை. எப்படி என்பதையும், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள் என்பதையும் அவருக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். ஜெனிட்டா உள்ளே இருந்து ஓடி வந்து கூச்சல் போட்டது. மருமகள்கள் விழுந்து புரண்டார்கள். அம்மா குனிந்து காலடியில் தடவி, செருப்பை எடுத்தார். என் முகம் எங்கே இருக்கிறது என்று இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அடித்தார். வாயில், கண்ணில், காதில், மூச்சு வாங்க வாங்க அடித்தார். செருப்பு பிய்ந்ததும் கையால் அடித்தார். உங்கள் ஜீப் வந்து இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப் பிரிக்கிறவரைக்கும் விடவில்லை. நான் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை, அங்கே நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த உதடு கிழிந்திருப்பதை உங்கள் ஸ்டேஷனில் நடந்தது என்று யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். நாளைக்கு அடக்கம் என்றார்கள். என்னை விலங்கோடாவது கூட்டிப்போங்கள். பெட்டி தூக்க அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை.

அம்மா என்னை வெறுக்கிறார் என்று ஏட்டையா சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? அடுத்த வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படி அடிப்பார்களா, ஐயா?